ஏர் ரைபிளில் பேரல் ஆடுகிறதா? முறுக்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

குன்றக்குடித் திருவிழாவில் பலூன் சுடும் கடை போடுகிற அண்ணன் ஒருவர் போன வருடம் இரண்டு ஏர் ரைபிள்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டு காரைக்குடியில் எங்கள் லேத் பட்டறைக்கு வந்தார். இரண்டுக்கும் ஒரே புகார்தான்: பேரல் லொடலொடவென்று ஆடுகிறது, குறி நிற்க மாட்டேன் என்கிறது. ஒன்றை அரை மணி நேரத்தில் சரிசெய்து கையில் கொடுத்துவிட்டேன், இன்னொன்றுக்கு இரண்டு நாள் பிடித்தது. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் ஆடின, ஆனால் ஆட்டம் பிறக்கிற இடம் வேறு வேறு. அதைக் கண்டுபிடிக்காமல் திருப்புளியை எடுத்து எல்லா ஸ்க்ரூவையும் முறுக்கத் தொடங்குகிறவர்கள்தான் நல்ல துப்பாக்கியையும் கெடுத்துவிடுகிறார்கள்.

நான் சொல்லப்போவது பேரலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கிற சாதாரண 4.5 மி.மீ. ஏர் ரைபிளுக்கு. 2016 ஆயுத விதிகளின்படி இந்த அளவுக்குள்ளும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருப்பதற்கு லைசென்ஸ் வேண்டாம். அதற்காகப் பறவை மேல் சுடலாம் என்று ஆகிவிடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இங்கே பக்கத்தில் வேட்டங்குடியில் கண்மாய்ப் பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடியே போடாமல் இருக்கிறார்கள், அந்த மண்ணில் இருந்துகொண்டு கொக்கைக் குறிபார்ப்பது தப்பு. காகித இலக்கும் பலூனும் போதும்.

சரி, எல்லா ஆட்டமும் கெட்டதா? இல்லை. குறி பார்க்கிற சைட்டும் பேரலும் ஒரே துண்டில் இருக்கின்றனவா, அல்லது அவற்றுக்கு நடுவில்தான் ஆட்டம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் ஏஆர்-15 என்கிற ரைபிள் வைத்திருப்பவர்கள் அதன் உடலின் இரண்டு பாதிகளான மேல் ரிசீவருக்கும் கீழ் ரிசீவருக்கும் நடுவில் இருக்கிற ஆட்டத்தைப் பற்றி நிறையக் கவலைப்படுவார்கள், பின்பக்கப் பின்னுக்கு அருகில் சின்ன ரப்பர் ஆப்பு வைத்து அதை இறுக்குவார்கள். சத்தம் நிற்கும், கைக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் அந்தத் துப்பாக்கியில் பேரல், அதைப் பின்னால் மூடுகிற போல்ட், சைட் மூன்றும் மேல் பாதியிலேயே இருப்பதால் அந்த ஆட்டம் குறியைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. நம் ஏர் ரைபிளிலும் முன் சைட், பின் சைட் இரண்டும் பேரல் மேலேயே இருக்கிற மாடல் என்றால் பேரல் கொஞ்சம் நகர்ந்தாலும் சைட்டும் கூடவே நகரும், தப்பித்துவிடலாம். ஸ்கோப் மாட்டினால்தான் வினை. ஸ்கோப் உட்காருவது பின்னால் பெரிய ஸ்பிரிங் இருக்கிற உருளை மேல், பேரலோ முன்னால் மடக்குகிற இடத்தில் தனியாக ஆடுகிறது. 45 செ.மீ. பேரலின் நுனி அரை மி.மீ. நகர்ந்தால் 10 மீட்டரில் குண்டு 11 மி.மீ. தள்ளிப் போகும், அதாவது போட்டி இலக்கில் 10 விழவேண்டிய இடத்தில் 6 விழும்.

கை வைப்பதற்கு முன்னால் உள்ளே பெல்லட் (குண்டு) இல்லை, ஸ்பிரிங் இழுத்த நிலையில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேரல் மடங்கியிருக்கும்போது டிரிகரைத் தொடவே கூடாது. ஸ்பிரிங் விட்டால் பேரல் சீறிக்கொண்டு மேலே வந்து அடிக்கும், விரல் போகும், பேரலும் வளையும். இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

இப்போது சோதனை. ஒரு கையால் மரக்கட்டையை அழுத்திப் பிடித்து இன்னொரு கையால் உருளையை அசையுங்கள். மரத்துக்குள் இரும்பு நகர்ந்தால் கோளாறு ஸ்க்ரூவில். அது நகரவில்லை என்றால் உருளையைப் பிடித்துக்கொண்டு பேரலை இடமும் வலமும் தள்ளுங்கள், அசைந்தால் கோளாறு பேரல் மடங்குகிற இடத்தில் இருக்கிற மடக்கு போல்ட்டில். பக்கவாட்டில் கெட்டியாக இருந்து மேலும் கீழும் மட்டும் அசைந்தால் பேரலைப் பூட்டுகிற நாக்கு அல்லது பேரல் மூடுகிற இடத்தில் காற்று கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையமான காற்று வாஷர். ஸ்கோப் மவுண்டையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள், அதுவே லூசாக இருந்து பேரலைத் திட்டியவர்கள் உண்டு.

அண்ணனுடைய முதல் துப்பாக்கியில் வெறும் கட்டை ஸ்க்ரூதான். முன்பக்கம் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, டிரிகர் கார்டில் ஒன்றோ இரண்டோ இருக்கும். இங்கே சித்திரை வெயிலில் பழைய வீட்டுத் தேக்குக் கதவுகூடச் சுருங்கி நிலையில் இடைவெளி விடுகிறது, ரைபிள் கட்டை மட்டும் சுருங்காதா? அதோடு ஒவ்வொரு சுடலுக்கும் ஸ்பிரிங் உதைக்கிற உதையும் சேர்ந்து ஸ்க்ரூவைத் தளர்த்திவிடும். ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி, மரையில் இருக்கிற எண்ணெயைத் தின்னரால் துடைத்து, மரை தளராமல் பிடிக்கிற நீல நிறத் திரெட் லாக் பசை ஒரே ஒரு சொட்டு விட்டு மாட்டுங்கள். சிவப்பு வேண்டாம், அதைப் பிறகு சூடுபண்ணாமல் கழற்ற முடியாது. இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். ஆரம்பத்தில் நான் ஒரு கட்டையை அளவுக்கு மீறி முறுக்கி விரிசல் விட வைத்தேன், அந்த மரத்தை மறுபடி சரிசெய்யவே முடியவில்லை. ஸ்க்ரூ தலை மரத்துக்குள் அமுங்கிப்போயிருந்தால் அடியில் கிண்ண வாஷர் வையுங்கள்.

மடக்கு போல்ட் கொஞ்சம் பொறுமையான வேலை. போல்ட் தலையை ஒட்டிச் சின்னப் பூட்டு ஸ்க்ரூ இருக்கிறதா பாருங்கள், இருந்தால் முதலில் அதைத் தளர்த்தி, போல்ட்டை அரைக்கால் சுற்று மட்டும் திருப்பி, திரும்பப் பூட்டுங்கள். சில மாடலில் மறுபக்கம் நட் இருக்கும். நாக்கிலிருந்து விடுவித்து, ஸ்பிரிங் தடுக்கத் தொடங்கும் இடம் வரை மட்டும் பேரலைப் பிடித்தபடி மெதுவாகத் திறந்து பார்த்தால், பேரல் தன் எடையிலேயே தொங்கி விழக் கூடாது, வைத்த இடத்தில் நிற்க வேண்டும், ஆனால் கரகரவென்று பிடிக்கவும் கூடாது. அதுதான் அளவு.

போல்ட்டை முறுக்கியும் ஆட்டம் போகவில்லை, அல்லது முறுக்கவே வழியில்லாத வெறும் பின் என்றால் பக்கவாட்டு வாஷர் தேய்ந்திருக்கும். கட்டையைக் கழற்றி, பேரல் அடிப்பகுதியை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற கவைக்கும் பேரல் அடிப்பகுதிக்கும் நடுவில் ஃபீலர் கேஜை (கனம் குறித்த மெல்லிய தகடுகள்) விட்டு இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பிறகு போல்ட்டை எடுத்துப் பேரலைப் பிரிக்கலாம். பெரும்பாலான மாடலில் பெரிய ஸ்பிரிங் உருளைக்குள்ளேயே அடங்கியிருக்கும், வெளியே வராது, ஆனால் பூட்டு நாக்கின் சின்ன ஸ்பிரிங் துள்ளி ஓடிவிடும், அடியில் துணி விரித்து வேலை செய்யுங்கள். உருளையின் பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள், அந்த ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

அளந்த இடைவெளியை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கமும் சமமாக ஷிம் (இடைவெளியை நிரப்புகிற மெல்லிய தகடு) வையுங்கள், ஒரே பக்கம் வைத்தால் பேரல் கோணிக்கொள்ளும். 0.2 மி.மீ. இடைவெளி என்றால் பக்கத்துக்கு 0.1. பித்தளை ஷிம் தகடு கிடைத்தால் நல்லது, கத்தரியில் வட்டமாக வெட்டி, பிசிறை எடுத்து, மாலிப்டினம் கிரீஸ் லேசாகத் தடவி மாட்டலாம். குளிர்பான டப்பாத் தகடும் கிட்டத்தட்ட 0.1 மி.மீ. கனம்தான், ஆனால் அலுமினியம் சீக்கிரம் தேய்ந்துவிடும், திருவிழா முடிகிற வரைக்கும் தாங்கினால் சரி என்றால் போடுங்கள். கிரீஸோ எண்ணெயோ காற்று வருகிற துளைக்குள் போகவே கூடாது. சுடும்போது அது உள்ளே தீப்பிடித்து வெடிக்கும், புகையோடு குறியும் கெடும்.

மேல் கீழ் ஆட்டத்துக்கு முதலில் காற்று வாஷரைப் பாருங்கள். புது வாஷர் தடிப்பாக இருந்தாலே பேரல் முழுதாக மூடாமல் ரப்பர் மேல் மிதந்துகொண்டிருக்கும். வாஷர் சரி என்றால் நாக்கின் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். நாக்கை அரம் போட்டு ராவாதீர்கள், ஒரு தடவை சரிவு மாறினால் பிறகு எங்கேயும் பொருந்தாது. மூடிய இடத்தின் மேல் டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்து, பெல்லட் போட்டு, மணல் மூட்டையைப் பார்த்துச் சுடுங்கள். பேப்பர் படபடத்தால் காற்று கசிகிறது. பெல்லட் இல்லாமல் சும்மா சுடாதீர்கள், காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் இடிக்கும்.

அண்ணனுடைய இரண்டாவது துப்பாக்கி இதில் எதற்கும் அடங்கவில்லை. வருடக்கணக்காக ஆயிரக்கணக்கான தடவை மடக்கி மடக்கி, போல்ட் போகிற துளையே முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. அதற்கு ஷிம் பயன்படாது. துளையை ரீமர் போட்டு வட்டமாக்கி, அதற்கேற்ற கொஞ்சம் பெரிய பின்னை லேத்தில் கடைந்து போட்டேன், இரண்டு நாள் போனது அதற்குத்தான். உங்களுக்கும் புது ஷிம் வைத்த பிறகும் ஆட்டம் இருந்தால் வீட்டில் மல்லுக்கட்டாமல் நல்ல லேத்துக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

வேலைக்கு முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து என்று 10 மீட்டரில் சுட்டு இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துப்பாக்கியைச் செங்கல் மேலோ மேசை மேலோ வைத்துச் சுடாமல், கீழே உள்ளங்கையைக் கொடுத்து லேசாகப் பிடித்துச் சுட வேண்டும், ஸ்பிரிங் துப்பாக்கி கடினமான எதன் மேல் இருந்தாலும் துள்ளிக் குறியை மாற்றும். அந்த இரண்டாவது துப்பாக்கியில் முன்பு உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிய ஐந்தும் இப்போது ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தன. நூறு சுடல் ஆனதும் கட்டை ஸ்க்ரூவையும் மடக்கு போல்ட்டையும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள், புது ஷிம் அதற்குள் நன்றாகப் படிந்து லேசான இடைவெளி விட்டிருக்கும்.