உறுப்பு தானம்: ஐசியூ வாசலில் செய்யக்கூடாத தவறுகள்

2024இல் தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்த 268 பேரின் குடும்பங்கள் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தன. ஓர் ஆண்டில் இந்த மாநிலம் அதுவரை பார்க்காத எண்ணிக்கை அது. ஆனாலும் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்துவிட்டு, வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்கு அலைகிறவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1994இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. 2008இல் மாநில அரசின் திட்டம் வந்தது. அதன்பின் உறுப்பு மாற்று ஆணையமும், மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளில் உறுப்பு எடுக்கும் உரிமமும் வந்தன. இவ்வளவுக்குப் பிறகும் பல தானங்கள் ஐசியூ வாசலிலேயே நின்றுபோகின்றன.

முதல் தவறு, மூளைச்சாவையும் கோமாவையும் ஒன்றாக நினைப்பது. "நெஞ்சு ஏறி இறங்குது, உடம்பு சூடா இருக்கு, எப்படி டாக்டர் செத்துட்டான்னு சொல்றீங்க?" என்று ஒரு தாய் கேட்டால், அது நியாயமான கேள்வி. கோமாவில் இருப்பவரின் மூளை சேதப்பட்டிருந்தாலும் உயிரோடு இருக்கிறது. சிலர் மீண்டும் வருகிறார்கள். மூளைச்சாவில் மூச்சை இயக்கும் மூளைத்தண்டே நிரந்தரமாக நின்றுவிட்டது. நெஞ்சை ஏறி இறங்க வைப்பது வென்டிலேட்டர். பிராணவாயு கிடைக்கும்வரை இதயம் தன் போக்கில் துடிக்கும், பிறகு அதுவும் நின்றுவிடும். அங்கிருந்து திரும்பி வந்தவர் எவரும் இல்லை.

"உறுப்புக்காக அவசரப்பட்டு அறிவிச்சிடுவாங்க" என்ற பயமும் இதோடு ஒட்டிக்கொண்டே வரும். சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். உறுப்பு மாற்று சிகிச்சைக் குழுவில் உள்ள எவரும் அதில் இருக்கக்கூடாது. சோதனைகளைக் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்ய வேண்டும். வென்டிலேட்டரை நிறுத்தி, ரத்தத்தில் கரியமில வாயு ஏறியும் தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று பார்க்கும் சோதனையும் அதில் உண்டு. சந்தேகம் இருந்தால் குடும்பத்தார் விளக்கம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

இங்கே மருத்துவமனைகள் மேலும் பத்திரிகைகள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. மூளைச்சாவு என்ற செய்தியையும் உறுப்பு தானக் கோரிக்கையையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடாது. இறந்துவிட்டார் என்பது மனதில் இறங்கவே நேரம் வேண்டும். "மூளைச்சாவு அடைந்த இளைஞர் சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்" என்று செய்தி எழுதினால், மூளைச்சாவு மரணமில்லை என்றுதானே படிப்பவருக்குத் தோன்றும்?

அடுத்தது, உறுப்பு தான அட்டையைப் பர்ஸில் வைத்துவிட்டு வீட்டில் வாய் திறக்காமல் இருப்பது. ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் உறுதிமொழி பதியலாம், ஓட்டுநர் உரிமத்திலும் விருப்பத்தைக் குறிக்கலாம். ஆனால் நம் நாட்டு நடைமுறையில் கடைசிக் கையெழுத்து நெருங்கிய உறவினருடையது. மனைவி சரி என்பார், சித்தப்பா வேண்டாம் என்பார், அதற்குள் நேரம் போய்விடும். எடுத்த இதயம் 4 முதல் 6 மணி நேரமே தாங்கும். ஆகவே சாப்பாட்டு நேரத்திலோ, ஒரு துக்க வீட்டிலிருந்து திரும்பும் வழியிலோ "எனக்கு அப்படி ஆனா கொடுத்துடுங்க" என்று ஒருமுறை சொல்லி வையுங்கள். அட்டையைவிட அந்த வார்த்தைக்குத்தான் பலம் அதிகம்.

விபத்து வழக்கு என்பதால் போஸ்ட்மார்ட்டம் இருக்கிறது, தானம் செய்ய முடியாது என்று நினைக்க வேண்டாம், முடியும். உடல் சிதைந்துவிடாது, ஆபரேஷன் போலத் தையல் போட்டுத்தான் ஒப்படைப்பார்கள். சம்மதத்துக்குப் பின் உறுப்புகளைக் காக்கும் செலவு குடும்பத்தின் தலையில் விழாது. வயதாகிவிட்டது என்று நாமே கழித்துவிடுவதும் தவறு, அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். வீட்டில் இயற்கையாக இறந்தவரின் கண்களைக்கூட 6 மணி நேரத்துக்குள் தானம் செய்யலாம். அதுவரை ஃபேனை நிறுத்திவிட்டு, இமைகளை மூடி ஈரத்துணி போட்டு வையுங்கள்.

"எல்லோரும் தானம் செய்பவர்களே, மறுப்பவர் மட்டும் எழுதிக் கொடுக்கட்டும் என்று சட்டம் போட்டால் முடிந்தது" என்பார்கள் சிலர். ஸ்பெயினை உதாரணம் காட்டுவார்கள். அங்கே அந்தச் சட்டம் 1979இலேயே வந்துவிட்டது. எண்ணிக்கை ஏறியதோ 1989இல் தேசிய அமைப்பைத் தொடங்கி, மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை வைத்த பிறகுதான். இன்றும் அங்கே குடும்பத்தாரிடம் கேட்டுத்தான் எடுக்கிறார்கள். நமக்கும் அவசரத் தேவை அந்த ஆட்கள்தான்: ஐசியூ வாசலில் உட்கார்ந்து, பொறுமையாக, தமிழில் பேசத் தெரிந்தவர்கள்.

உறுப்புக்காகக் காத்திருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பட்டியல் நகரவில்லையே என்று தரகரிடம் போவது. விற்பவர், வாங்குபவர், தரகர் எல்லோருக்குமே 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 20 லட்சம் ரூபாய் அபராதம். 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் சிறுநீரகத்தை விற்றதாக வெளியே தெரிந்தவர்கள், கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்கள். பதிவு செய்த மருத்துவமனையில் உங்கள் தொலைபேசி எண் சரியாக இருக்கிறதா, ரத்தப் பரிசோதனை காலாவதியாகிவிட்டதா என்று அடிக்கடி பாருங்கள். அழைப்பு நள்ளிரவில் வரும், உடனே கிளம்ப வேண்டியிருக்கும்.