சமையலறைத் தரைக்குக் கல்லா, டைல்ஸா? வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

சமையலறைத் தரை மற்ற அறைகளின் தரையைப் போன்றதன்று. அதன்மேல் தண்ணீர் சிந்தும், எண்ணெய் தெறிக்கும், புளிப்பான சாறு சொட்டும், கனமான பாத்திரம் கைநழுவி விழும். கடையில் நாம் பார்ப்பதோ, துடைத்து மினுக்கிச் சாய்த்து வைத்து, மேலிருந்து விளக்கொளி பாய்ச்சிய ஒரு துண்டு. ஆகவே, விலை பேசுவதற்கு முன்பு ஒரு மாதிரித் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, தரையாகி அது படப்போகும் பாட்டையெல்லாம் முன்கூட்டியே படுத்திப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் தண்ணீர். நன்றாகக் காய்ந்த துண்டின்மேல் சில சொட்டுகளை விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் துடைக்க வேண்டும். துடைத்த இடம் கறுத்திருந்தால் கல் நீரை உறிஞ்சுகிறது என்று பொருள். தண்ணீரை உறிஞ்சும் கல் எண்ணெயையும் உறிஞ்சும், ஆனால் தண்ணீரைப் போல அது காய்ந்து மறையாது. வேறோர் இடத்தில் எண்ணெய்ச் சொட்டு ஒன்றை இரவு முழுக்க விட்டுவைத்தால், கறை எந்த அளவுக்கு நிற்கும் என்பது காலையில் தெரிந்துவிடும். மாதிரித் துண்டில் விற்பவர் முன்பே சீலர் (கறை இறங்காமலிருக்கப் பூசும் காப்புப் பூச்சு) பூசியிருக்கக்கூடும் என்பதால், வெட்டிய ஓரத்திலும் இதே சோதனையைச் செய்து பார்ப்பது உசிதம்.

அடுத்தது எலுமிச்சைச் சாறு. பெரும்பாலான கற்களின் தலையெழுத்தை இந்தச் சோதனைதான் தீர்மானிக்கிறது. மார்பிள், சுண்ணாம்புக்கல், டிராவர்ட்டைன் ஆகிய மூன்றும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. அமிலம் பட்டதும் கரைந்து கரியமில வாயுவை வெளியிடுபவை. பாலிஷ் செய்த மார்பிளில் சாற்றை ஊற்றிச் சிறிது நேரம் கழித்துத் துடைத்துவிட்டு, துண்டைச் சன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள்: சொட்டு இருந்த இடத்தில் அதே வடிவில் மங்கலான வட்டம் தெரியும். அது கறையன்று, கல்லின் மேற்பரப்பே அரிக்கப்பட்டுவிட்டது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது, மறுபடி பாலிஷ் போட்டால்தான் போகும். சீலர் பூசினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். சீலர் கறை உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்துமே ஒழிய, அமில அரிப்பைத் தடுக்காது. மார்பிள்தான் வேண்டும் என்று மனம் நின்றுவிட்டால், பளபளப்பில்லாத ஹோன்ட் ஃபினிஷில் வாங்குவது விவேகம். அரிப்பின் தடம் அதில் அவ்வளவாக உறுத்தாது.

மார்பிளுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் ஏறத்தாழ 3; செருப்போடு உள்ளே வரும் மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினமோ 7. அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே கால்கள் ஓயாமல் நடக்கும் தடத்தில் மட்டும் மினுமினுப்பு முதலில் மங்குவதற்கு இதுவே காரணம். கிரானைட்டில் குவார்ட்ஸும், கடினத்தில் 6 அளவுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமமும் கலந்திருப்பதால், மணலையும் எலுமிச்சையையும் அது எளிதாகத் தாங்கும். மார்பிளைப் போலவே தோன்றும் வெளிர்நிறக் கல்லைக் குவார்ட்சைட் (குவார்ட்ஸ் நிறைந்த கடினமான கல்) என்று சொல்லி விற்றால், அதன் கூர்முனையால் ஒரு பழைய கண்ணாடிப் புட்டியில் கோடு போட்டுப் பாருங்கள். உண்மையான குவார்ட்சைட் கண்ணாடியைக் கீறும், மார்பிள் கீறாது.

டைல்ஸைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது நீர் உறிஞ்சும் அளவு. விட்ரிஃபைட் அல்லது போர்சலின் வகை 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. சுவருக்கான செராமிக் வகையோ 10 சதவீதத்தையும் தாண்டும். நிறம் பிடித்துப்போனது என்பதற்காகச் சுவர் டைல்ஸைத் தரையில் பதிக்கக் கூடாது. மேற்பூச்சுள்ள டைல்ஸில் பாத்திரம் விழுந்து ஓரம் பெயர்ந்தால், உள்ளிருக்கும் வேறு நிறம் பல்லிளிக்கும். மேலிருந்து அடிவரை ஒரே நிறமாக இருக்கும் ஃபுல்பாடி வகையில் அந்தக் காயம் சட்டென்று கண்ணில் படாது.

வழுக்கலைப் பற்றி ஆர்9 முதல் ஆர்13 வரையிலான தரக்குறியீட்டைப் பெட்டியில் காணலாம். எண் கூடக்கூடப் பிடிப்பும் கூடும். ஆனால் அந்தச் சோதனை, எண்ணெய் பூசிய சரிவுத் தளத்தில் காலணியோடு நடந்து பார்த்து அளக்கப்படுவது. வெறுங்காலோடு சமைப்பவர்கள் மாதிரித் துண்டை ஈரமாக்கித் தரையில் வைத்து, பக்கத்தில் எதையாவது பிடித்துக்கொண்டு, பாதத்தால் அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிட வேண்டும். மிகவும் சொரசொரப்பான பரப்பையும் தேர்ந்தெடுக்காதீர்கள். அதன் குழிகளில் எண்ணெய்ப் பிசுக்கு குடியேறிவிடும். மென்மையான, பளபளப்பில்லாத மாட் பரப்பே சமையலறைக்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

டைல்ஸ் நிறத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்குபவர்கள், டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் கிரவுட்டை மட்டும் பதிப்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். சமையலறைத் தரையில் முதலில் அழுக்கேறுவது அந்த இடுக்குகள்தாம். சிமென்ட் கிரவுட் எண்ணெயை உறிஞ்சும், எபாக்சி என்ற செயற்கைப் பிசினால் ஆன கிரவுட் உறிஞ்சாது. வெள்ளையைத் தவிர்த்து இளஞ்சாம்பல் போன்ற நிறத்தைக் கேளுங்கள்.

எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 20 மி.மீ. தடிமனுள்ள கிரானைட் பலகை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 54 கிலோ; 10 மி.மீ. டைல்ஸ் அதில் பாதிக்கும் குறைவு. மாடியிலுள்ள சமையலறையென்றால் பொறியாளரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். பழைய தரையின் மேலேயே பதிப்பதாக இருந்தால், கதவின் அடிப்பகுதி இடிக்குமா என்பதை முதலிலேயே அளந்துவிடுங்கள்.

கல்லை வாங்கும்போது மாதிரியைப் பார்த்து மட்டும் முன்பணம் கொடுத்துவிடாமல், உங்களுக்கு வரப்போகும் பலகைகளையே நேரில் பார்த்துக் குறியிட்டு வையுங்கள். டைல்ஸ் என்றால் எல்லாப் பெட்டிகளிலும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் நிற எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபார்த்து, தேவையைவிட 10 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். பதித்த டைல்ஸ் இறுகியதும், கிரவுட் நிரப்பும் முன், ஒவ்வொன்றையும் மரக்கட்டையால் தட்டிக் கேளுங்கள். அடியில் பசை பரவாத இடம் வெற்றொலி எழுப்பும். பாத்திரம் விழுந்தால் முதலில் உடைவதும் அங்கேதான் என்பதால், அவற்றைச் சாக்கட்டியால் குறித்து, அப்போதே பெயர்த்து மறுபடி பதிக்கச் சொல்லுங்கள்.