அலமாரிக்கு முன் அளவு

சமையலறை அலமாரிக்கு அளவெடுக்கத் தச்சரை அழைப்பதற்கு முன், உங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எவ்வளவு செலவாகின்றன என்று குறித்து வையுங்கள். 25 கிலோ மூட்டை வாங்கும் வீட்டுக்கும் வாரம் 5 கிலோ வாங்கும் வீட்டுக்கும் தேவைப்படும் இடம் ஒன்றல்ல. கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தால் உப்பு கசியும், மிளகாய்த்தூள் கட்டியாகிவிடும் என்பதால், அடிக்கடி திறக்கும் பெரிய டப்பாக்களைவிட இறுக மூடும் சிறிய டப்பாக்களே நல்லவை. அரிசி மூட்டையைச் சுவரை ஒட்டாமல் மரப்பலகையின் மேல் வையுங்கள். கருவாட்டுக்குத் தனி இடம் வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் இங்கே பல நாள்கள் மின்சாரமின்றித் தவித்ததை நினைத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஃபிரிட்ஜ் தேவைப்படாத அவல், ரவை, பருப்பு வகைகளுக்கென உயரமான தட்டு ஒன்றை அவசியம் ஒதுக்குங்கள்.