எழுது என்று சொல்லாமல் எழுத வைப்பது எப்படி?

எழுத மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கு, நான் பார்த்த வரையில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம். கை வலிக்கிறது; இல்லையென்றால் எழுதியதை வாசிக்க ஆள் இல்லை. சோம்பல், வால்தனம், செல்போன் என்று பெரியவர்கள் அடுக்குவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கத்திலும் கொஞ்ச காலம் குளச்சல் பக்கத்திலும் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெரும்பாலும் ஒன்று, இரண்டாம் வகுப்புதான். அப்பா ரப்பர் வெட்டப் போகும் வீடு, அம்மா அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போகும் வீடு, அப்பா கல்ஃபில் இருக்கும் வீடு, கடலுக்குப் போகும் வீடு, இந்த வீட்டுப் பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். இப்போது சாயங்காலமானால் பேரப்பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் திண்ணையில் வந்து உட்காருகிறார்கள். மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரைக்கும் செய்து பார்த்துப் பலித்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கை

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பென்சிலைப் பிடிக்கிற பிடி பல பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதில்தான் படிகிறது. அதற்கு முன்னால் நாலுவரி நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் வலிக்கத்தான் செய்யும். எங்கள் தெருவில் எல்.கே.ஜி. படிக்கும் ஒரு பிள்ளைக்குத் தினமும் மூன்று பக்கம் வீட்டுப்பாடம். பென்சிலைக் குத்துவாள் மாதிரி முஷ்டியில் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அது எழுதும். அந்த வயதில் அந்த நோட்டே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

நோட்டுக்குப் பதிலாக விரலுக்கு வேலை கொடுங்கள். நம் வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை. பயறு உரிக்கலாம். அவித்த பனங்கிழங்கை நார் உரிக்கலாம். கொழுக்கட்டைக்கு மாவு உருட்டலாம். தோவாளைப் பக்கம் பூக் கட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பென்சில் பிடி சீக்கிரம் வந்துவிடும் என்று நான் நினைப்பதுண்டு. பூத் தொடுப்பதும் அதே மூன்று விரல் வேலைதானே. பனையோலையில் காற்றாடி செய்யத் தெரிந்த தாத்தா வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. பேரனை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் சாயா குடிக்கலாம்.

பென்சில் கொடுக்கும்போது புதிய நீளப் பென்சில் வேண்டாம். தேய்ந்துபோன குட்டைப் பென்சில், ஒடித்த சாக்பீஸ், துண்டு கிரையான் போதும். குட்டையாக இருந்தால் முழுக் கையையும் போட்டுப் பிடிக்க இடம் இருக்காது, மூன்று விரல்தான் பிடிக்க முடியும். "இப்படிப் பிடி, அப்படிப் பிடி" என்று நீங்கள் மாய வேண்டியதில்லை.

விஜயதசமி அன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோம். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியைத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளச் செய்து, திரும்பவும் அழைத்து வருகிற மாவட்டம் இது. அந்த நாளுக்கு இங்கே மதிப்பு அதிகம். ஆனால் மறுநாளே அரிசித் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு நோட்டை நீட்டிவிடுகிறோம். தட்டு இன்னும் ஆறு மாதம் வெளியே இருக்கட்டும். அரிசி வீணாகும் என்றால் ஆற்று மணல் போதும். ஞாயிற்றுக்கிழமை சொத்தவிளைக் கடற்கரைக்கோ முட்டத்துக்கோ போனால் ஈர மணலில் குச்சியால் ஆள் உயரத்துக்கு எழுத்து எழுதலாம். வீட்டில் வாளியில் தண்ணீரும் பழைய பெயின்ட் பிரஷும் கொடுத்து முற்றத்துச் சுவரில் எழுதச் சொல்லுங்கள். வெயிலில் காய்ந்து மறைந்துவிடும் எழுத்து என்பதால் தப்பு வந்தாலும் பிள்ளைக்குப் பயமில்லை.

அப்புறம், எந்த எழுத்தில் தொடங்குவது? அகரம்தான் முதல் எழுத்து, சரி. ஆனால் சுழியும் வளைவுமாக இருக்கிற 'அ' பிஞ்சுக் கைக்குக் கஷ்டமான எழுத்து. ட, ப, ம என்று தொடங்கும் வழக்கம் ஆசிரியர்களிடம் உண்டு. ட, ப இரண்டும் வெறும் நேர்கோடு, ம-வில் மட்டும் ஒரு வளைவு. இந்த மூன்றோடு ஒரு புள்ளி வைக்கத் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம் என்று பிள்ளை சொல்லே எழுதிவிடும். துணைக்காலையும் சேர்த்துக்கொண்டால் மாமா, பாப்பா, டப்பா, பாடம், மாடம். முதல் வாரத்திலேயே 'மாமா' என்று எழுதி மாமாவிடம் காட்டுகிற பிள்ளைக்கு, 247 எழுத்தையும் முடித்த பிறகுதான் சொல் என்று காக்கவைக்கப்பட்ட பிள்ளையைவிட எழுத ஆசை அதிகம். இதை நான் வருஷா வருஷம் பார்த்தேன்.

வாசிக்க ஆள் வேண்டும்

பள்ளிக்கூடத்தில் பிள்ளை எழுதுவதில் முக்கால்வாசி, கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவது. ஆசிரியர் ஒரு டிக் போடுவார். அதை யாரும் வாசிப்பதில்லை. வாசிக்கத் தேவையும் இல்லை, ஏற்கெனவே போர்டில் இருப்பதுதானே. எழுதினால் ஏதாவது நடக்கும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

வீட்டில் இதற்கு எளிதான வழி கடைச் சீட்டு. பலசரக்குக் கடைக்குப் போகும்போது நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும். "சீனி, உப்பு, தேயிலை, சோப்பு." எழுதியதில் விட்டுப்போனதை வாங்காதீர்கள். ஒருநாள் எங்கள் வீட்டுச் சீட்டில் சீனி விட்டுப்போனது, அன்று சாயங்காலம் எல்லோருக்கும் கடுஞ்சாயாதான், அதுவும் இனிப்பில்லாமல். அடுத்த சீட்டில் முதல் வரியே சீனி, அதற்கு அடியில் இரண்டு கோடு. கடைக்காரரிடமும் சொல்லி வையுங்கள், சீட்டைப் பிள்ளை கையிலிருந்து வாங்கி அவர் சத்தமாக வாசிக்கட்டும்.

அப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பிவிடுகிறார்கள். தப்பில்லை. வாரத்துக்கு ஒரு முறை மட்டும், பிள்ளை ஒரு தாளில் எழுதியதைப் படம் எடுத்து அனுப்புங்கள். அப்பாவும் தன் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், தட்டச்சு செய்து அல்ல. அப்பா கையெழுத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க அந்தப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். ஒரு பெண்பிள்ளை, "அப்பா, நீங்க ர எழுதுறது துணைக்காலு மாதிரி இருக்கு, நல்லா எழுதுங்க" என்று பதில் எழுதியது.

அஞ்சலட்டையும் இன்னும் ஐம்பது பைசாவுக்குக் கிடைக்கிறது. உள்ளூர் அஞ்சல் நிலையத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நாலைந்து வாங்கி வையுங்கள். மார்த்தாண்டத்தில் இருக்கும் அத்தைக்கு எழுதட்டும். நம் மாவட்டத்துப் பின்கோடு எல்லாம் 629-ல்தான் தொடங்கும், அதனால் முதல் மூன்று கட்டம் பிள்ளைக்குச் சீக்கிரம் மனப்பாடம் ஆகிவிடும். அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பதில் வராவிட்டால் எல்லாம் கெட்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில் கடையில் வாழ்த்து அட்டை வாங்குவதைவிட, வெறும் தாளை மடித்துக் கொடுத்து, கேரல் பாட்டுக்காரர் வரும் வீட்டுக்கெல்லாம் பிள்ளை கையால் ஒரு வரி எழுதச் சொல்லலாம். பக்கத்து வீட்டு ஓணம், நம் வீட்டுப் பொங்கல், எதற்கும் இது பொருந்தும்.

குளச்சலில் இருந்தபோது ஜூன், ஜூலை எனக்குப் பிடித்த மாதங்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளி திறந்த புதிதில் பல அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். "உங்க அப்பாகிட்டக் கேட்டு மீன் பேர் எழுதிட்டு வாங்க மக்களே" என்று சொல்லிவிடுவேன். மறுநாள் நோட்டில் படத்தோடு மீன் வந்து குவியும். சாளை, வாளை, அயலை, நெத்திலி, சூரை, கணவாய். ல, ள குழப்பத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. சாளைக்கும் வாளைக்கும் ள, அயலைக்கும் நெத்திலிக்கும் ல. பாடப்புத்தகச் சொல்லில் தடுமாறுகிற பையன் சாளையில் தடுமாற மாட்டான். எனக்கு ஒரு மீன் பெயர் தெரியாமல் போய்விட்டால் வகுப்பே எழுந்து நின்று சொல்லித்தரும், அது வேறு.

மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மழை நோட்டு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் என்பதால் எழுத விஷயம் தீராது. தினமும் தேதி போட்டு ஒரு வரி. "இன்னைக்கு மழை. அப்பா ரப்பர் பால் வெட்டப் போகல்ல." அவ்வளவுதான். ஒரு வரிக்கு மேல் கேட்காதீர்கள், கேட்டால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். சிலர் தானாகவே நாலு வரிக்குப் போவார்கள்.

விளையாட்டிலும் எழுத்தை நுழைக்கலாம். பஸ் விளையாட்டு விளையாடாத பிள்ளை உண்டா? வடசேரி, திங்கள்சந்தை, குளச்சல், கருங்கல் என்று அட்டையில் போர்டு எழுதி மாட்டட்டும், கண்டக்டர் டிக்கெட் எழுதிக் கிழித்துக் கொடுக்கட்டும். போர்டு எழுதாத பஸ்ஸில் நான் ஏற மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். என் சின்னப் பேரன், "ஆச்சி, இது ராணித்தோட்டம் டிப்போவுக்குப் போற பஸ், ஆள் ஏத்த மாட்டோம்" என்று தப்பிக்கப் பார்த்தான். அதையும் எழுதி ஒட்டு என்றேன்.

வகுப்பறையில்

அரசுப் பள்ளிகளில் 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் பாட்டும் கதையும் செயல்பாடும் கூடியிருக்கின்றன. அதோடு ஒரு தபால் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இளம் ஆசிரியர்களிடம் சொல்வேன். செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டால் பெட்டி தயார். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சீட்டு எழுதிப் போடலாம், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். யாருக்குச் சீட்டு வரவில்லை என்று வியாழக்கிழமையே ரகசியமாகத் திறந்து பார்த்து, அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் எழுதிப் போட்டுவிடுங்கள். இந்த ஒரு வேலையை மறந்தால் பெட்டியே வைக்க வேண்டாம்.

தண்டனையாக எழுதச் சொல்வதை ஒழித்தே ஆக வேண்டும். பேசினால் நூறு தடவை, தாமதமாக வந்தால் ஐம்பது தடவை என்று இம்போசிஷன் கொடுத்துவிட்டு, அதே பிள்ளையிடம் "ரசித்து எழுது" என்றால் எப்படி?

பிழையை என்ன செய்வது

ஆறு வயதுப் பிள்ளை வீட்டில் பேசுகிற மாதிரிதான் எழுதும். தண்ணீருக்கு 'வெள்ளம் குடிச்சேன்', பலாப்பழத்துக்கு 'சக்கை தின்னோம்', மெதுவாக என்பதற்கு 'பைய வந்தேன்' என்றெல்லாம் நோட்டில் வரும். அடிக்க வேண்டாம். வீட்டுப் பேச்சுக்கு நோட்டில் இடம் உண்டு என்று தெரிந்த பிள்ளைதான் நிறைய எழுதும். பாடப்புத்தகத் தமிழ் மூன்றாம், நான்காம் வகுப்பில் தானாக வந்து சேரும், இரண்டையும் பிள்ளை தனித்தனியே வைத்துக்கொள்ளும்.

ர-ற, ன-ண, ள-ழ குழப்பம் வேறு விஷயம், அதைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் சிவப்பு மையால் அல்ல. பிள்ளை 'மளை பெய்தது' என்று எழுதினால், அதற்கு அடியில் பென்சிலால் பதில் எழுதுங்கள்: "எங்கள் வீட்டிலும் மழை பெய்தது. உன் குடை எங்கே?" சரியான எழுத்து கண்ணில் பட்டுவிட்டது, கேள்விக்குப் பதில் எழுதும்போது பிள்ளை அதைப் பார்த்து எழுதும். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை கண்ணில் படாத மாதிரி இருப்பது பெரியவர்களுக்குக் கஷ்டம், எனக்குத் தெரியும்.

இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்றாதீர்கள். நோட்டின் மேல்பக்கம் சற்று வலப்புறம் சாய்ந்திருக்கும்படி வைத்துக்கொடுங்கள், பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.

இவ்வளவுக்கும் பிறகும் மாட்டேன் என்கிற பிள்ளை உண்டு. அதனிடம் பென்சிலைத் தராதீர்கள், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை மாற்றாமல் நீங்கள் எழுதுங்கள். நாய்க்குட்டி ஓடைக்குள் விழுந்த கதையாக இருக்கும், மாமன் பைக்கில் இருந்து விழுந்த கதையாக இருக்கும். எழுதி முடித்ததும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். தான் பேசியது தாளில் இருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளை அதை வாங்கிப் பார்க்கும், தன் பெயர் எங்கே என்று தேடும். பெயரை மட்டும் நீ எழுது என்று கடைசியில் இடம் விடுங்கள். அடுத்த வாரம் கடைசி வரிக்கும் இடம் விடுங்கள். நோட்டில் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள், பரீட்சை முடிந்ததும் மற்றதோடு சேர்த்துப் பழைய பேப்பர் வாங்கும் ஆக்கர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். போன வருஷம் தான் எழுதியதைப் பார்த்துச் சிரிக்கவாவது பிள்ளை அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்.