போராட்டத்துக்காகப் பல்கலைக்கழகம் நோட்டீஸ் அனுப்பினால்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் போராட்டத்தில் பங்கேற்றதற்காக உங்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் வந்தால், பதில் எழுதுமுன் அது அரசு நிறுவனமா தனியார் நிறுவனமா என்று பாருங்கள். பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசுப் பல்கலைக்கழகங்களையே நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. தனியார் நிறுவனத்திலோ மாணவர் கையேட்டில் எழுதப்பட்ட வாக்குறுதிகளே பெரும்பாலும் உங்கள் பிடிமானம்.

1960இல் உணவகத்தின் நிறப்பாகுபாட்டை எதிர்த்த கறுப்பின மாணவர்களை அலபாமா அரசுக் கல்லூரி விசாரணையின்றி நீக்கியது. அவர்கள் தொடுத்த வழக்கில், அரசுக் கல்லூரி மாணவரை நீக்குமுன் குற்றச்சாட்டைத் தெரிவித்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1961இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வளவு துன்பப்பட்டு அவர்கள் பெற்றுத்தந்த உரிமை இது. எனவே குற்றச்சாட்டையும் சான்றுகளையும் எழுத்தில் கேளுங்கள், வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்காமல் விசாரணையில் பேசாதீர்கள். மாணவர் பதிவுகள் குறித்த 1974ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி (FERPA) உங்கள் கல்விப் பதிவுகளைக் கேட்டால், பல்கலைக்கழகம் 45 நாள்களுக்குள் பார்வையிட அனுமதிக்க வேண்டும்.

இனம், நிறம், பூர்வீகம் காரணமாகத் துன்புறுத்தப்பட்டால், யூதரோ பாலஸ்தீனியரோ யாராயினும், கூட்டாட்சிக் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகத்தில் பொதுவாக 180 நாள்களுக்குள் புகார் அளிக்கலாம். விசாவில் பயில்பவர்கள் எதிலும் கையெழுத்திடுமுன் குடிவரவு வழக்கறிஞரைச் சந்திப்பது மிக அவசியம்.