தங்கமீன் தொட்டியில் இறங்கிக்கொண்டே இருந்த பிஎச்

தண்ணீர் மாற்றிய அன்று பிஎச் (இறங்க இறங்க தண்ணீரில் அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்) 7. வாரக் கடைசியில் 6. தங்கமீன்கள் துடுப்பை மடக்கிக்கொண்டு அடியிலேயே ஒண்டி நின்றன. பிஎச் ஏற்றும் திரவம் ஊற்றினால் ஏறும், மறுநாளே இறங்கிவிடும். சரளையைக் கிளறிச் சுத்தம் செய்தேன், அலங்கார மரத்துண்டை எடுத்தேன். பலனில்லை.

அப்புறம் கேஎச் சோதித்தேன். அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் தண்ணீரில் எவ்வளவு என்று டிகிரியில் காட்டும் அளவு அது. வந்தது பூஜ்யம். தொட்டிக்குப் போவது ஆர்ஓ தண்ணீர். அதில் பைகார்பனேட் அநேகமாக இருக்காது. தங்கமீனுக்கோ கழிவு அதிகம். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட தண்ணீரில் எதுவும் இல்லை.

தீர்வு ஆப்ப சோடா. 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போட்டால் கேஎச் சுமார் 4 டிகிரி ஏறும். ஆனால் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. பிஎச் 6-ல் பாக்டீரியா மந்தமாகி அம்மோனியா சேர்ந்திருக்கும். அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அம்மோனியமாக, அவ்வளவு தீங்கில்லாமல் கிடக்கும். பிஎச் சட்டென்று ஏறினால் விஷமாகிவிடும். அதனால் முதலில் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, கால் கால் ஸ்பூனாகத் தனியே கரைத்து, நாள் இடைவெளி விட்டு ஊற்றினேன்.

கேஎச் மறுபடி இறங்காமலிருக்க, மெல்லக் கரையும் பவளத் துகளும் இப்போது ஃபில்டருக்குள் வலைப்பையில் இருக்கிறது. கேஎச் 5, பிஎச் 7.6. அப்பாடா, மீன்கள் மேலே வந்து தீனி கேட்கின்றன.