வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு காசில்லாமல் பேச: வாட்ஸ்அப் அழைப்பு, அடியிலிருந்து

"டேய், நெட்டுல பேசினா காசே ஆகாதுன்னு சொன்னியே, பில்லைப் பாரு!" என்று அத்தை போனை நீட்டினார். டொரண்டோவில் இருக்கும் மகளிடம் பத்து நாளாகப் பேசிக்கொண்டிருந்தவர், வாட்ஸ்அப்பைத் திறக்கவே இல்லை. சாதாரண போன் புத்தகத்தில் மகள் பெயரைத் தொட்டுப் பச்சை பொத்தானை அழுத்தியிருக்கிறார். அத்தனையும் ஐஎஸ்டி அழைப்பு, அதாவது காசு பிடிக்கும் வெளிநாட்டு அழைப்பு. ஒரு காலத்தில் மஞ்சள் நிற எஸ்டிடி பூத்தில் ஓடுகிற மீட்டரைப் பார்த்தபடி அவசர அவசரமாகப் பேசுவோம். இப்போது மீட்டர் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருக்குச் சொல்லிக்கொடுத்ததையே இங்கேயும் எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு போனை வைத்துச் சொல்கிறேன், ஐபோனிலும் பெரிய மாற்றம் இல்லை.

முதலில் ஒன்று புரிய வேண்டும். இணையவழி இலவச அழைப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே செயலி வேண்டும், இரண்டு பக்கமும் இணையம் வேண்டும். எதிரில் இருப்பவரிடம் பட்டன் போனோ லேண்ட்லைனோ மட்டும் இருந்தால் வாட்ஸ்அப்பால் ஒன்றும் செய்ய முடியாது. லேண்ட்லைனுக்கும் பேசவைத்த ஸ்கைப், 2014 நவம்பரில் இந்தியாவுக்குள் அந்த வசதியை நிறுத்தியது. 2025 மே மாதம் கடையையே மூடிவிட்டது.

படி 1: செயலியைப் போடுங்கள்

பிளே ஸ்டோரில் வாட்ஸ்அப் என்று தேடுங்கள். பெயருக்குக் கீழே 'வாட்ஸ்அப் எல்எல்சி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்து 'ஜிபி வாட்ஸ்அப்' மாதிரி போலி வாட்ஸ்அப் எதையும் ஏற்றாதீர்கள். உங்கள் எண்ணைக் கொடுத்ததும் ஆறு இலக்க எண் ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வரும். அதை நீங்கள் மட்டும் பார்த்தால் போதும், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். அப்புறம் தொடர்புகள், மைக் இரண்டுக்கும் அனுமதி கேட்கும். மைக்குக்கு 'வேண்டாம்' சொல்லிவிட்டு, "நான் பேசுறது அவளுக்குக் கேக்கலையே" என்று கத்திக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

படி 2: எண்ணைச் சரியாகச் சேமியுங்கள்

பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். வெளிநாட்டு எண் என்றால் முதலில் கூட்டல் குறி, பிறகு நாட்டின் குறியீடு, பிறகு எண். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் 1, சிங்கப்பூருக்கு 65, மலேசியாவுக்கு 60, இலங்கைக்கு 94, பிரிட்டனுக்கு 44.

அந்த நாட்டு எண் பூஜ்யத்தில் தொடங்கினால் பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும். கொழும்பில் இருக்கும் சொந்தக்காரர் தன் எண்ணை 077 என்று ஆரம்பித்துச் சொல்வார். நீங்கள் +94 77 என்று சேமிக்க வேண்டும். +94 077 என்று போட்டீர்களானால், அவர் எத்தனை வருடமாக வாட்ஸ்அப்பில் இருந்தாலும் உங்கள் பட்டியலில் வராமல் போகலாம். அத்தையின் போனில் மகள் எண் 001 என்று தொடங்கியது. அதை +1 என்று மாற்றிய மறு நிமிடம், மகளின் படத்தோடு பெயர் வந்து நின்றது.

படி 3: கூப்பிடுங்கள்

வாட்ஸ்அப்பைத் திறந்து, அதற்குள் பெயரைத் தொடுங்கள். மேலே வலது மூலையில் போன் படம் இருந்தால் குரல் அழைப்பு, கேமரா படம் இருந்தால் முகம் பார்த்துப் பேசுவது. அழுத்தியதும் திரையில் 'காலிங்' என்று வரும், சில நொடியில் 'ரிங்கிங்' என்று மாறும். இந்த இரண்டு சொல்லையும் கவனித்தாலே பாதிக் குழப்பம் தீரும். 'ரிங்கிங்' என்றால் அந்தப் பக்கம் மணி அடிக்கிறது, கொஞ்சம் பொறுங்கள். 'காலிங்' என்றே நின்றால் அழைப்பு அவர் போனைச் சேரவில்லை. அங்கே இணையம் இல்லை, அல்லது போன் அணைந்திருக்கிறது. அதற்காக மனக்கசப்பு வேண்டாம்.

படி 4: வரும் அழைப்பு ஒலிக்கவில்லையா?

பல போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று வாட்ஸ்அப்பைத் தூங்கவைத்துவிடும். போன் செட்டிங்ஸில் ஆப்ஸ், வாட்ஸ்அப், பேட்டரி என்று போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

டேட்டா கம்மியா? வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதியில், அழைப்புக்குக் குறைந்த டேட்டா பயன்படுத்தும் வசதி இருக்கிறது. பேசியதற்கு எவ்வளவு செலவானது என்பதையும் அங்கேயே பார்க்கலாம். வைஃபை இருந்தால் அதில் பேசுங்கள். வீடியோதான் டேட்டாவைக் குடிக்கும், குரல் அழைப்புக்கு அவ்வளவு ஆகாது.

தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள். 'பிரைவசி' பகுதிக்குள் 'கால்ஸ்' என்று இருக்கும், அங்கே தெரியாதவர் அழைப்பை ஊமையாக்கலாம். அத்தை போனில் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன்.

துபாய், அபுதாபி பக்கம் இருப்பவர்களுக்கு இது உதவாது. அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. அந்த நாடு அனுமதித்த அழைப்புச் செயலிகளில் 'போட்டிம்' (BOTIM) ஒன்று. அதை இரண்டு பேரும் போட்டுக்கொள்ளுங்கள். இணையத் தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் போட்டுப் பேசலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அங்கே அது வம்பில் முடியும். இன்னொன்று, அவசரத்துக்கு 112 அடிக்க வாட்ஸ்அப் உதவாது. சாதாரண போன்தான்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டொரண்டோ கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும், குளிர்காலத்தில் பத்தரை. அத்தை இப்போது காலை ஆறரைக்குக் காபி டம்ளரோடு உட்கார்கிறார். அங்கே முந்தின நாள் இரவு ஒன்பது மணி, பேத்தி இன்னும் தூங்கியிருக்காது.